பிலாத்துவையும் விசுவாசிக்கிறேன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த டைரியைக் கொடுத்தவர் எங்கள் சபையின் ஐயர், அதாவது போதகர். திடப்படுத்தல் வகுப்பில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து, "கடவுள் தினமும் உங்களோட என்ன பேசினார்னு இதுல எழுதுங்க" என்றார்.

இன்று கடவுள் பேசவில்லை. அம்மா பேசினாள். பல் தேய்க்கும்போது ஆரம்பித்தவள் கோயில் வாசல் வரை நிறுத்தவில்லை.

திடப்படுத்தல் என்றால் பெரிய காரியம். கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் நமக்காக அப்பா அம்மா சொன்னதை, வளர்ந்தபின் நாமே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பேராயர் வந்து கேட்பார். நாம் "விசுவாசிக்கிறேன்" என்போம். தலையில் கை வைப்பார். பிறகு முதல்முறையாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடைக்கும். இந்த மாதக் கடைசி ஞாயிறு அது நடக்கிறது. அன்றைக்கே சபையின் அசனமும். சாதி மதம் பார்க்காமல் ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடுகிற நாள். நேசபுரத்தில் அசனத்தன்று எவர் வீட்டிலும் அடுப்பு எரியாது.

என் சிக்கல் இதுதான்: அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டுக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வேறு யாராவது இப்படிச் சொன்னால் ஊர் பொறுத்துக்கொள்ளும். நான் எப்சிபா. வசனப் போட்டியில் வருஷா வருஷம் கோப்பை தூக்கிவந்தவள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சங்கீதத்தை எந்த இடத்திலிருந்தும் சொல்லுவேன். அம்மா ஞாயிறுதோறும் சபையில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் தலைமை ஆசிரியை. என் கோப்பைகளை வரவேற்பறையில் டிவிக்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறாள். டிவியே சரியாகத் தெரிவதில்லை.

எல்லாம் போன மாதம் அம்மாவின் வகுப்பில்தான் ஆரம்பித்தது. ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், எங்க பக்கத்து வீட்டு மாரியப்பன் மாமா மோட்சத்துக்கு வருவாவளா?" என்று கேட்டான். அம்மா புத்தகத்தில் உள்ளபடி, "விசுவாசிக்கிறவங்க வருவாங்க" என்றாள். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க பந்து விழுந்தா யாரு எடுத்துக் குடுப்பா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு போய்விட்டது, பந்து மட்டும் மண்டைக்குள் உருண்டுகொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இசக்கியம்மாளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது பதினொன்றாம் வகுப்பிலும் அப்படியே. மத்தியானம் சாப்பிடும்போது மனதில் இருந்ததைச் சொல்லியேவிட்டேன்.

"இசக்கி, எங்க வேதப்படி நீ நரகத்துக்குப் போவ போலிருக்கு."

அவள் கருவாட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே யோசித்தாள். "எங்க வீட்டு ஆளுவ எல்லாரும் அங்கதான் வருவாவளா?"

"எல்லாரும்தான்."

"எங்க சித்தியுமா?"

"சித்தியுந்தான்."

"அப்பச் சாப்பாட்டுக்குக் கவலையில்ல. நீதான் அங்க தனியா என்ன செய்யப் போறியோ, பாவம்" என்று சொல்லி என் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் வந்தது. இவளை வெளியே நிறுத்துகிற கதவு ஒன்று இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் உள்ளே நிற்க வேண்டும்?

ஆகஸ்ட் 6, புதன்

கடவுள் இன்றும் பேசவில்லை. இயற்பியல் ஆசிரியை பேசினார். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நம்பினேன். இது எப்படி என்று பிறகு யோசிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பில் ஒரு புது மாணவர். எங்களையெல்லாம்விட இரண்டு மடங்கு வயது. மீசை உண்டு. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். பெயர் பொன்சிங். என் அம்மாவின் தம்பி.

மாமா மைக் செட் போடுகிறவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ கருமாதியோ, கோயில் கொடை விழாவோ தர்கா கந்தூரியோ, அவர் பெட்டி இல்லாமல் நடக்காது. அடுத்த மாதம் அவருக்குக் கல்யாணம். பெண் பெயர் ஜெமிமா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். திடப்படுத்தல் ஆகாதவருக்கு எங்கள் சபையில் கல்யாணம் நடத்துவதில்லை. ஐயர் கையை விரித்துவிட்டார். அதனால் மாமா இப்போது எனக்கு வகுப்புத் தோழர்.

"ஏன் உங்க வயசுல நீங்க எடுக்கல?" என்று ஐயர் கேட்டார்.

"அன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்திச்சு ஐயா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "அவனுக்கு மண்டையில லேசுல ஏறாது. விசுவாசப் பிரமாணத்த நீதான் சொல்லிக் குடுக்கணும். கல்யாணம் நின்னுச்சுன்னா ஜெமிமா வீட்டுல மூஞ்சில முழிக்க முடியாது."

"வேற யாரும் இல்லையாம்மா?"

"உன்னயவிட யாருக்குட்டி தெரியும்?" என்று சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

விசுவாசம் இல்லாதவள் விசுவாசப் பிரமாணம் கற்றுக்கொடுக்கப் போகிறாள். நீச்சல் தெரியாதவன் படகு ஓட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் பாடம். மாமாவின் கடையில், பழைய ஸ்பீக்கர்களுக்கு நடுவே உட்கார்ந்து நடத்தினேன்.

இந்த மனிதருக்கு ஞாபகசக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அம்மன் கோயில் கொடைப் பாட்டு அத்தனையும் தெரியும். தர்காவில் பாடுகிற பாட்டும் தெரியும். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எல்லாம் தானாகக் காதுக்குள் போயிருக்கிறது. எதையெல்லாம் விசுவாசிக்கிறோம் என்று வரிசையாகச் சொல்கிற விசுவாசப் பிரமாணம் மட்டும் ஏறவில்லை. பிதாவை விசுவாசிக்கிறேன் என்று ஒழுங்காக ஆரம்பிப்பார், குமாரனையும் விசுவாசிப்பார், அதே வேகத்தில் போய், "பிலாத்துவையும் விசுவாசிக்கிறேன்" என்று முட்டிக்கொண்டு நிற்பார்.

"மாமா, பிலாத்துதான் இயேசுவுக்குத் தண்டனை குடுத்த கவர்னர். அவனை எதுக்கு விசுவாசிக்கிய?"

"அப்ப அவம் பேரு எதுக்குட்டி இதுல வருது?"

நியாயமான கேள்வி. வசனப் போட்டியில் இத்தனை வருஷம் நின்றும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

கிளம்பும்போது கேட்டேன். "மாமா, உண்மையிலேயே அம்மையா போட்டிருந்திச்சு?"

"இல்லட்டி, சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்."

"ஐயருகிட்ட அம்மைன்னிய."

"அம்மை வந்த கையோட விழுந்தேன்."

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு பரிசோதனை செய்கிறேன். ஜெபம் பண்ணாமல் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிறேன்.

இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தது. கணக்குப் பரீட்சையில் வழக்கமான மார்க் வாங்கினேன். ஆனால் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. இன்று இட்லிக்கு முன் அப்படி மூடி, "அப்பா பிதாவே" என்று பாதி சொன்னபிறகுதான் நினைவு வந்தது. பாதி ஜெபம் கணக்கில் வருமா தெரியவில்லை.

குடும்ப ஜெபத்தில் எப்போதும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்லுவாள் அம்மா. இன்று கேட்கவே இல்லை, அப்பாவிடம் சொன்னாள். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தால் அப்பாவின் ஜெபம் மிகவும் சுருக்கமாக இருக்கும். அம்மாவுக்கு ஏதோ அலுப்பு போலிருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைத்தேன், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா அன்றைக்கென்று இரண்டு பேர் சத்தத்தில் சொன்னாள். முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாளோ என்னவோ.

பாட்டு வந்தபோது மட்டும் நான் பாடினேன். பாடாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆர்மோனியம் பெண்கள் பாடுகிற அடிக்கு வந்ததும் தொண்டை தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. பாட்டு வேறு, நம்பிக்கை வேறு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று சாயங்காலம் இசக்கி தெருவில் அம்மன் கோயில் கொடை. மைக் செட் மாமாவுடையது. பாடம் நடத்தப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மாமாவுடன் போனேன். பொய் இல்லை, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பாடம் நடத்தத்தான் செய்தேன். மேளம் ஓய்கிற இடைவெளியில் அவர் பிதாவையும் குமாரனையும் சொன்னார். பிலாத்து வரும்போது சரியாக நையாண்டி மேளம் எழும்பிவிடும்.

முளைப்பாரி தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். அதில் இசக்கியும் இருந்தாள். பள்ளியில் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவள், தலையில் பாரியுடன் யாரையும் பார்க்காமல் வந்தாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். பெரிய வெள்ளியன்று கோயிலில் அம்மாவுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கு அழுகை மாதிரி வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

"மாமா, நீங்க நிசமாவே நம்புதியளா?"

அவர் ஒரு குமிழைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஜெமி ஜெபம் பண்ணும்போது பக்கத்துல இருந்தா நல்லா இருக்கு. அதுக்குப் பேரு என்னன்னு தெரியல. ஐயருகிட்டக் கேட்டேன். இத வச்சு ஆரம்பிங்க, போதும்னாரு. சரின்னுட்டேன்."

"எனக்கு அதுகூட வரல மாமா."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மேளம் எழும்பிவிட்டது. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து போய் எனக்கு ஒரு கலர் வாங்கிவந்து கொடுத்தார், கேட்காமலே.

ஆகஸ்ட் 20, புதன்

இரவுச் சாப்பாட்டில் சீலாமீனின் நடுத்துண்டு என் தட்டில். அது எப்போதும் அப்பாவுக்குப் போகிற துண்டு. அப்பா என் தட்டையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு வாலைச் சாப்பிட்டார். இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஐயர் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார். மாமா முதலிலிருந்து கடைசிவரை தட்டாமல் சொன்னார். பிலாத்து வந்த இடத்தில் மட்டும் நின்று, என்னைப் பார்த்து, எச்சிலை விழுங்கி, சரியாகத் தாண்டிப் போனார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இத்தனை கோப்பை வாங்கியும் இந்தச் சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அடுத்தது என் முறை. ஐயர், "உன்னை என்ன கேட்க, நீ போம்மா" என்று சிரித்தார். நான் போகவில்லை.

"ஐயா, என்னால அன்னைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல."

ஐயர் சின்ன வயதுக்காரர். மதுரைப் பக்கம். இது அவருக்கு முதல் சபை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"பேராயர் ஆபீசுக்குப் பேர் எல்லாம் அனுப்பியாச்சேம்மா."

"தெரியும் ஐயா."

"எல்லாத்தையும் நல்லா யோசிச்சியா?"

"வேற ஒண்ணும் யோசிக்கல ஐயா. பரீட்சைக்குக்கூடப் படிக்கல."

பெயர்ப்பட்டியலை எடுத்து மேசையில் விரித்தார். "சரி. வராததை வந்துட்டதா சொல்லச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேரை எடுத்துடறேன். ஆனா உங்கம்மாகிட்ட நீயேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு உங்கம்மாவைப் பார்த்தா கொஞ்சம் பயம்" என்றார்.

எனக்கும்தான் ஐயா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெள்ளைச் சேலை வந்துவிட்டது. திடப்படுத்தலுக்குப் பெண்பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைச் சேலைதான் கட்டுவார்கள். அம்மா கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தி மடிப்பு வைத்துப் பார்த்தாள். பின்னை வாயில் கடித்துக்கொண்டிருந்ததால் பேச்சில்லை. சொல்ல நல்ல சமயம் இதுதான், மறுபேச்சுப் பேச முடியாது. நான் சொல்லவில்லை.

ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருபது பேரோடு சேர்ந்து சொல்லப் போகிறோம், யாருக்குத் தெரியும்? வேதப் புத்தகத்தில் பாதியை ஒப்பித்தவளுக்கு ஒரு வார்த்தை பெரிதா? ஆனால் இதுவரை நான் சொன்னதெல்லாம் மனப்பாடம். என் வாழ்க்கையில் மனப்பாடமாக இல்லாமல் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுதான். இதையும் ஒப்பித்துவிட்டால் பிறகு எதைத்தான் நான் சொந்தமாகச் சொல்வது?

அம்மா அழுவாள். கடவுள்மேல் இல்லாத பயம் அம்மாமேல் இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

இன்றும் சொல்லவில்லை. எதிரே வந்த ஐயர் எங்கள் தெருமுனையில் அம்மாவைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

நாளை அசனம். கோயில் காம்பவுண்டு காலையிலிருந்தே கல்யாண வீடுதான். ஆண்கள் அடுப்புக்குக் குழி வெட்டினார்கள். அண்டாக்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே வேலை, உப்புப் பார்ப்பது. கறி வெந்ததும் ஊரே அவர் நாக்கைத்தான் நம்பி நிற்கும். அதனால் முந்தின நாள் வெற்றிலை போட மாட்டார், யாருடனும் சண்டை போட மாட்டார்.

பெண்களுக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து மூட்டையைக் கொட்டியிருந்தார்கள். ஊர்க்கதை எல்லாம் அங்கேதான் அவிழும். எனக்கு அத்தை ஆகப்போகிற ஜெமிமாவும் வந்திருந்தாள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர் ஊற்றியது. இசக்கியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசனத்துக்கு உரிக்க வருகிறவர்களுக்கு நல்லியெலும்பு தனியாகக் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கு இந்தப் பக்கம் அம்மா. நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன், அடுத்ததை உரித்தேன், அதற்கடுத்ததை உரிக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அம்மா, நாளைக்கு நான் எடுக்கல."

அவள் கை நிற்கவில்லை. "என்னத்த?"

"திடப்படுத்தல். எனக்கு நம்பிக்கை வரலம்மா. வரும்போது எடுத்துக்கிடுதேன். வராமலும் போகலாம். ஐயருகிட்டச் சொல்லிட்டேன்."

சுற்றிலும் யாரோ யாரையோ பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இன்னொரு கை வெங்காயத்தை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். இசக்கி கத்தியை வைத்துவிட்டு எங்கேயோ எழுந்து போனாள். அவளுக்கு எப்போது எழுந்து போக வேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

"ஜாக்கெட்டெல்லாம் தச்சாச்சு" என்றாள் அம்மா கடைசியில்.

"ஆமாம்மா."

"மடிச்சு வையி. மாமன் கல்யாணத்துக்கு ஜெமிமா பக்கத்துல நிக்க ஆவும்."

அவ்வளவுதானா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் முழுக்கத் தண்ணீர். எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது, ஆனால் மற்றவர்கள் துடைத்துக்கொண்டார்கள்.

"என்மேல கோவமாம்மா?"

"கோவமில்ல. வெசனம்" என்றாள். "நான் உனக்காக ஜெபம் பண்ணாம இருக்க மாட்டேன், ஆமா. அது என் பாடு. நீ காதுல விழாத மாதிரி இரி."

"சரிம்மா."

"பொன்சிங்கு போன வாரமே சொன்னான், மேளச் சத்தத்துலயும் அவன் காதுல விழுந்திச்சாம். எனக்கு அதுக்கு முன்னமே தெரியும். நீயா எப்ப வாயத் தொறப்பன்னுதான் இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "இம்புட்டு நாளாட்டி ஆவும் அதச் சொல்ல? நான் என்ன புலியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிடும் போலிருந்தது, அடக்கிக்கொண்டு, "ஒழுங்கா உரி, தோலு போவுது பாரு" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கை முழுக்க வெங்காய வாசனையோடு எழுதுகிறேன்.

கோயில் நிரம்பிவிட்டது. திடப்படுத்தலுக்கு நிற்பவர்கள் முன்னால் இரண்டு வரிசை. பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலையில், பையன்கள் வெள்ளைச் சட்டையில், எல்லோருக்கும் பின்னால் தென்னைமரம் மாதிரி மாமா. நான் சுடிதாரில், அம்மா அப்பாவோடு எங்கள் வழக்கமான பெஞ்சில். முன்வரிசைப் பிள்ளைகளின் அம்மாமார்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லையா என்று ஒருத்தர் கேட்டார். அம்மா, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

பேராயர் எழுந்து நின்று கேள்வியை ஆரம்பித்தார். அவர் வாயைத் திறந்ததும் மைக் 'கீ' என்று கத்தியது. நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் கத்தியது. மாமாவின் மைக். கடையில் வேலை பார்க்கிற பையனிடம் ஒப்படைத்திருந்தார். அவன் எதை எதையோ திருகிக்கொண்டிருந்தான். மாமா வரிசையில் நின்றபடி ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை கத்தியபோது அவரால் தாங்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையை விட்டு ஓடினார். பேராயர் கையில் புத்தகத்தோடு அப்படியே நின்றார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். அதுமட்டும் நிச்சயமாக ஜெபம்தான்.

மாமா ஏதோ ஒரு வயரைப் பிடுங்கிச் செருகினார். சத்தம் நின்றது. திரும்பி வருகிற வழியில், பழக்க தோஷம், பேராயர் முன்னாலிருந்த மைக்கில் குனிந்து, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது. பேராயரும் சிரித்தார். மாமா சுதாரித்துக்கொண்டு, பதற்றத்தில் அதே மைக்கில், "விசுவாசிக்கிறேன் ஐயா" என்றார், கேள்வி இன்னும் முடியாதபோதே. ஜெமிமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது. அப்பா என் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

பிறகு ஒழுங்காக நடந்தது. எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இருபது குரலில் மாமாவின் குரல் தனியாகக் கேட்டது. பேராயர் மாமாவின் தலையில் கை வைத்தபோது நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பொறாமையாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. என் வாய்க்குள் ஒரு வார்த்தை இருக்கிறது, அதை இன்னும் செலவழிக்கவில்லை.

அதன்பிறகுதான் கஷ்டமான பகுதி. திருவிருந்து.

பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தில் இருந்தார்கள். அதனால் எழுந்து போகாத ஆள் யாரென்று தேட வேண்டியதே இல்லை. எங்கள் பெஞ்சின் முறை வந்தது. மற்றவர்கள் தாண்டிப் போக நான் முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன். ஒவ்வொருத்தர் சேலையும் என் காலில் உரசிப் போனது. அப்பா போகும்போது என் தலையில் ஒரு முறை கை வைத்தார். பெஞ்சு காலியாக ஆக, இதற்குத் தயாராகத்தான் வந்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தயாராக இல்லை. முகம் கொதித்தது.

கடைசியாக அம்மா எழுந்தாள். பக்கவழி வரை போனாள். பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அப்புறம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போங்கம்மா, வரிசை போவுது."

"போவட்டும்."

"எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

"திருவிருந்தும்மா." நான் பிறந்ததிலிருந்து அம்மா திருவிருந்துக்குப் போகாமல் இருந்து பார்த்ததில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறாள்.

"மாசாமாசம் உண்டு" என்றாள். பிறகு பீடத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "உன் வயசுல உன் மாமனும் இப்படித்தான் உக்காந்திருந்தான். அம்மையுமில்ல, சைக்கிளுமில்ல. எனக்கு நம்பிக்கை வரலன்னு சொல்லிட்டு உக்காந்தான். நாங்க எல்லாரும் அவனத் தாண்டிப் போனோம். நானும் போனேன். திரும்பி வந்து பாத்தா பெஞ்சில ஆளக் காணோம். அன்னைக்கு வெளிய போனவன், இத்தன வருசமா வெளிய பெட்டி பக்கத்துலயே உக்காந்துட்டான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையிலும் வெங்காய வாசனை.

முதல் திருவிருந்து எடுத்தவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா தன் வரிசைக்குப் போகிறவர் எங்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த பையன் அவர்மேல் முட்டினான். மாமா வரிசையை இரண்டாவது முறையாக விட்டுவிட்டு வந்து, எங்கள் பெஞ்சில் அம்மாவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தார். புறங்கையால் மீசையைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்தார்.

"அக்கா" என்றார் கொஞ்சம் கழித்து.

"பேசாம இரில, ஆராதனை நடக்கு."

ஆர்மோனியம் கடைசிப் பாட்டைத் தொடங்கியது. எல்லோரும் எழுந்தோம். அம்மா பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைத் தேடி, என் பக்கமாகவும் பாதியை நீட்டினாள்.

"பாடவாது செய்வியா, இல்ல அதுக்கும் நம்பிக்கை வரணுமா?"

"அது இருக்கும்மா."

"அப்ப வாயத் தொறந்து பாடு."

பாடினேன். மூன்று பேரும் மூன்று சுருதியில் பாடினோம், மாமா ஒரு வரி பின்னால் வந்துகொண்டிருந்தார். வெளியே அண்டாவைத் திறந்துவிட்டார்கள் போல, கறி வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. பாட்டு முடிவதற்குள் அப்பா உப்புப் பார்க்க ஓடிவிட்டார். நாங்கள் கடைசி அடி வரை நின்று பாடிவிட்டுத்தான் போனோம்.